லொறி டாஷ்போட்டில் இந்தச் சுவிச்சு எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் திருகோணமலையில் லொறி வயரிங் வேலை செய்கிறேன். சீனன்குடாவில் மாவும் சீமெந்தும் ஏற்றும் லொறிகள், கந்தளாய்ப் பக்கத்து நெல் லொறிகள், கொட்பேயில் இருந்து மீன் கொண்டுபோகும் கூலர் லொறிகள், மண் அடிக்கும் டிப்பர்கள் எல்லாம் வந்து போகும். வேலை முடிந்து காசு தரும் நேரத்தில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன், இந்தச் சுவிச்சு எதுக்கு?"

அதற்குக் காரணம் உண்டு. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் திரும்பத் திறக்கும் வரை, இருந்த லொறிகள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. மூன்றாவது நான்காவது சொந்தக்காரரிடம் வந்து சேரும் லொறிக்குக் கைநூல் இருக்காது. விற்றவரைக் கேட்டால் "அது எனக்கும் தெரியா, நான் தொடுறதே இல்ல" என்பார். நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

தெரியாத சுவிச்சை ஒருக்கா அழுத்திப் பார்த்தால் என்ன?

பார்க்கலாம். ஆனால் லொறி நிற்க வேண்டும். சமதரை, ஹான்ட் பிரேக், நியூட்ரல், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. டிப்பர், கிரேன், பின்னால் ஏற்றித்தட்டு (சாமானைத் தூக்கி இறக்கும் தட்டு) உள்ள லொறி என்றால் சுற்றிலும் ஆள் நிற்கக் கூடாது, தலைக்கு மேலே மின்கம்பி இருக்கக் கூடாது.

ஒரே சுவிச்சை மூன்று தரம் பாருங்கள். திறப்பைத் திருப்பாமல் ஒருதரம், திறப்பை ஓனில் வைத்து ஒருதரம், எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒருதரம். திறப்பு மாதிரித் திருப்பும் சிவப்புச் சுவிச்சை மட்டும் எஞ்சின் ஓடும்போது தொடாதீர்கள். ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டாஷ்போட்டுக்குள் "டிக்" என்றால் ரிலே, அதாவது மின்சாரத்தில் இயங்கும் சின்னச் சுவிச்சு. கெபினுக்குக் கீழே "டக்" என்றோ "புஸ்" என்றோ கேட்டால் காற்று வால்வு. எஞ்சின் சத்தம் மாறினால் அது வேறு கதை, கீழே வருகிறது. வெளியில் ஒருவரை நிறுத்தி லொறியைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். கெபினுக்குள் இருப்பவருக்குப் பின்னால் எரியும் வேலைவிளக்கு தெரியாது.

அழுத்துவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். எந்தச் சுவிச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துவிடும்.

அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் அது செத்த சுவிச்சுத்தானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இல்லை. லொறியில் பாதிச் சுவிச்சுகள் அழுத்திய உடனே எதையும் செய்யாது. நீங்கள் சொன்னதைக் கேட்டு வைத்துக்கொண்டு, தனக்குரிய நேரம் வரும்வரை காத்திருக்கும். புகைக்குழாயை மூடி வேகத்தைக் குறைக்கும் எக்ஸோஸ்ட் பிரேக், ஓடும்போது அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தால்தான் பிடிக்கும். கண்ணாடிச் சூடாக்கி வேலை செய்கிறதா என்று தொட்டுப் பார்க்கவே சில நிமிடம் வேண்டும். ஏற்றித்தட்டின் மெயின் சுவிச்சை முன்னால் போட்டால், பின்னால் உள்ள பெட்டியில் பட்டனை அமுக்கும்வரை ஒன்றும் அசையாது. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இருந்த நிலைக்கே திருப்பி வையுங்கள். "சும்மா கிடக்கட்டும்" என்று ஓனில் விட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் பிறகு என்னைத் தேடி வருகிறார்கள்.

எனக்கே பட்ட அனுபவம் ஒன்று உண்டு. கொஞ்சக் காலம் நானும் மச்சானும் சேர்ந்து ஒரு பழைய இசுசு எல்ஃப் லொறி வைத்திருந்தோம். ஓட்டிய தம்பி ஒருநாள் மட்கோவில் நின்று டாஷ்போட்டைத் துடைக்கும்போது ஒரு சுவிச்சில் கை பட்டு ஓனாகிவிட்டது. நின்ற லொறியில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பிறகு சந்தியில் நின்று எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது என்றான். ஓர்ஸ்ஹில் ஏற்றத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கராஜில் ஜாக் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் இலகுவாகச் சுற்றுகிறது. பிரேக் சூவைக் கழற்றி மாட்டினார்கள், இரண்டு தரம் அட்ஜஸ்ட் செய்தார்கள், கூலியும் போனது. கடைசியில் மீற்றர் போர்ட்டில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்தது மச்சானின் மகள். அவளுக்கு அப்போது எட்டு வயது.

அது ஏற்றத்தில் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கும் உதவி. இசுசுவில் எச்.எஸ்.ஏ., ஃபூசோவில் ஈசிகோ, ஹினோவில் ஈ.எஸ். ஸ்டார்ட் என்று பெயர் போட்டிருக்கும். பிரேக்கையும் கிளச்சையும் மிதித்து நின்றால், பிரேக்கில் இருந்து காலை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும். கிளச் பிடித்து வண்டி நகரப் போகும்போது விடும். பழகியவருக்கு அருமையான சாமான், இருப்பதே தெரியாதவருக்குப் பிரேக் கோளாறு. ஹான்ட் பிரேக்குக்குப் பதிலாக அதை நம்பி இறங்கவே கூடாது.

சுவிச்சில் உள்ள படத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடிக்கலாமா?

நிறையவே. அந்தப் படங்கள் கம்பனிக்குக் கம்பனி அவரவர் இஷ்டத்துக்குக் கீறியவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேசத் தரத்தில் வருபவைதான் பெரும்பாலும். ஒரு லொறியில் படித்தது இன்னொன்றுக்கும் உதவும். இரண்டு சக்கரத்தை இணைக்கும் அச்சு, நடுவில் ஒரு பெருக்கல் குறி என்றால் டிஃப் லொக், அதாவது இரண்டு பக்கச் சக்கரத்தையும் சேர்ந்தே சுற்ற வைக்கும் பூட்டு. சுருள் கம்பி மாதிரி என்றால் குளிர் ஸ்டார்ட்டுக்கான சூடாக்கி. விளக்குப் படத்தின் கதிர்கள் இடப்பக்கம் சரிந்து, குறுக்கே ஒரு நெளிகோடு ஓடினால் முன்பனி விளக்கு. கதிர்கள் வலப்பக்கம் நேராக ஓடி நெளிகோடு வெட்டினால் பின்பனி விளக்கு. இரண்டாவதைத் தெரியாமல் போட்டுக்கொண்டு இரவில் ஹபரணைப் பக்கம் போனால், பின்னால் வருகிறவர் கண் கூசி உங்களைத் திட்டிக்கொண்டே வருவார்.

படத்தை விட நிறம் முக்கியம். சிவப்பு என்றால் ஆபத்து, நிறுத்து. செம்மஞ்சள் என்றால் கவனி. பச்சை என்றால் அந்தச் சாமான் இப்போது ஓனில் இருக்கிறது, அவ்வளவுதான். நீலம் ஹெட்லைற் ஹை பீமுக்கு மட்டும். சுவிச்சைப் போட்டதும் மீற்றர் போர்ட்டில் எந்த நிறம் வருகிறது என்று பார்த்தாலே, அதை ஓனில் விட்டுவிட்டு ஓடலாமா கூடாதா என்று பாதி முடிவு செய்துவிடலாம்.

எழுத்தெல்லாம் ஜப்பான் மொழியில் இருக்கிறதே?

போனில் உள்ள மொழிபெயர்ப்புக் கமரா போதும். எழுத்து தேய்ந்திருந்தால் டோர்ச்சை நேரே பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், எழுத்தின் விளிம்பு தெரியும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் கோணலாகத்தான் வரும். "ஹைகி புரேகி" என்று வாசிக்கும் எழுத்து எக்ஸோஸ்ட் பிரேக். "சாக்யோதோ" என்றால் வேலைவிளக்கு. "தன்கி" என்றால் எஞ்சினைச் சூடாக்குவது. "வெளியேறும் வாயுவைச் சுத்திகரிக்கும் கருவி" என்று வந்தால் அது ஏசியும் இல்லை, கெபின் காற்றாடியும் இல்லை. சைலன்சர் வடிகட்டி, அடுத்த கேள்வியில் வருகிறது.

எழுத்து முழுவதும் அழிந்துவிட்டதா? அதுவும் ஒரு தகவல்தான். ஓரம் விரல் பட்டுப் பட்டு மினுங்கினால் முந்திய சொந்தக்காரர் தினமும் பாவித்த சுவிச்சு. நான்கு மூலையிலும் தூசி அப்படியே இறுகிக் கிடந்தால் வருடக்கணக்காக யாரும் தொடவில்லை.

மீற்றரில் செம்மஞ்சள் விளக்கு மினுங்குகிறது, பக்கத்தில் சைலன்சர் மாதிரி ஒரு சுவிச்சு. அமுக்கலாமா?

அமுக்கத்தான் வேண்டும், ஆனால் இடம் பார்த்து. டீசல் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. ஃபூசோவில் டி.பி.எஃப்., இசுசுவில் டி.பி.டி., ஹினோவில் டி.பி.ஆர். என்பார்கள். நீண்ட தூரம் ஓடும் லொறியில் அது தன்பாட்டில் கரியை எரித்துக்கொள்ளும். உப்புவெளிக்கும் பெரியகடைக்கும் இடையே நின்று நின்று ஓடுகிற லொறியில் எரிக்க நேரம் கிடைக்காது. அப்போதுதான் அந்த விளக்கு கூப்பிடும்.

லொறியை நிறுத்தி, நியூட்ரலில் ஹான்ட் பிரேக் போட்டு, எஞ்சின் ஓட விட்டுச் சுவிச்சை அமுக்குங்கள். ஐடில் (நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) தானாக ஏறும், கால் மணி அரை மணி எடுக்கும், நடுவில் நிறுத்தக் கூடாது. வடிகட்டிக்குள் சூடு 600 பாகை அளவுக்குப் போகும். அறுவடைக் காலத்தில் தம்பலகாமம், கிண்ணியாப் பக்கம் வீதியோரம் முழுக்க வைக்கோலும் காயப் போட்ட நெல்லும்தான். அதன் மேல் நிறுத்திவிட்டு இந்தச் சுவிச்சை அமுக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தாரோ கொங்கிறீற்றோ உள்ள வெட்டவெளியாகப் பாருங்கள். விளக்கைக் கண்டும் காணாத மாதிரி ஓடினால் எஞ்சின் இழுவை குறையும், பிறகு கழற்றிக் கழுவ வேண்டிவரும்.

ஓடும்போது தொடவே கூடாத சுவிச்சு எது?

பி.ரி.ஓ. எஞ்சினின் சக்தியைக் கியர்பெட்டி வழியாக ஹைட்ரோலிக் பம்புக்குக் கொடுக்கும் சுவிச்சு அது. டிப்பர், கிரேன், பவுசர் எல்லாவற்றிலும் உண்டு. முறை இதுதான்: நின்று, ஹான்ட் பிரேக், நியூட்ரல், கிளச்சை முழுக்க மிதித்து, சுவிச்சைப் போட்டு, ஒரு மூச்சு பொறுத்து, கிளச்சை மெதுவாக விட வேண்டும். கிளச் மிதிக்காமல் போட்டால் பல் உரசும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தின் விலை பெரிது.

வேலை முடிந்ததும் அணைக்காமல் ஓடினால் பம்பு சும்மா சுற்றி எண்ணெய் கொதிக்கும். லீவர் கொஞ்சம் தூக்கலாக நின்றால் டிப்பரின் பொடி, அதாவது பின்பெட்டி, மெதுவாக எழும்பும். கண்ணாடியில் பார்க்காதவருக்கு மேலே உள்ள கம்பி பிடித்து இழுக்கும்போதுதான் தெரியும். பி.ரி.ஓ. விளக்கின் பல்ப் போயிருந்தால் வேறெதற்கும் முன் அதை மாற்றுங்கள்.

டிஃப் லொக்கும் ஏறத்தாழ இதே சாதி. நிலாவெளிப் பக்கம் வள்ளம் ஏற்ற மணலில் இறங்கிச் சக்கரம் ஒன்று சுற்றத் தொடங்கினால், நின்ற நிலையில் போட்டு, நேராக வெளியே வந்து, தாரைத் தொட முன் அணைக்க வேண்டும். போட்டுக்கொண்டு தாரில் வளைத்தால் அச்சு முறியும். ஃபூசோ கன்ரரில் உள்ள நான்கு சக்கர ஓட்டச் சுவிச்சுக்கும் அதே புத்திதான்.

எக்ஸோஸ்ட் பிரேக்கைத் திருகோணமலையில் யார் பாவிக்கிறார்?

இங்கே ஓடுகிறவருக்குத் தேவையில்லை என்பது உண்மைதான். ஹபரணை வரைக்கும் இறக்கம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் உள்ள அந்தத் தடி எதற்கென்று பலருக்குத் தெரியாது. ஆனால் மரக்கறிக்கு நுவரெலியா போய் நிறைச்சாமானோடு இறங்கும்போது, அல்லது கண்டியில் இருந்து மாத்தளைக்கு வரும் பலகடுவ இறக்கத்தில், அது இல்லாமல் கால் பிரேக்கை மட்டும் மிதித்து வந்தால் டிரம் காய்ந்து மணக்கும்.

புகைக்குழாயில் ஒரு தட்டு மூடி எஞ்சினை மூச்சடைக்க வைக்கிறது, அவ்வளவுதான் வேலை. சோதிக்க, வெறுமையான வீதியில் 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் போட்டுக் காலை எடுங்கள். முன்னுக்கு உடம்பு தள்ளும், சத்தம் அடைத்த மாதிரி மாறும். கிளச்சை மிதித்தால் விட்டுவிடும். மழை நேரம் வெறும் லொறியில் போடாதீர்கள், பின்சக்கரம் வழுக்கும்.

சுவிச்சு இல்லை, திருகுகிற குமிழ் ஒன்று இருக்கிறது. அது?

இலக்கம் போட்டிருந்தால், 0, 1, 2 என்று, ஹெட்லைற்றின் உயரம். சாமான் ஏற்றிப் பின்புறம் பதிந்தால் விளக்கு வானத்தைப் பார்க்கும். இலக்கத்தைக் கூட்டினால் ஒளி கீழே இறங்கும். வெறுமைக்கு 0.

இலக்கம் இல்லாமல் இழுக்கவும் திருகவும் கூடியது என்றால் ஐடில் ஏற்றி. பழைய எஞ்சின்களில் வரும். திருகினால் எஞ்சின் சத்தம் ஏறும் என்பதால் உடனே தெரிந்துவிடும். ஏற்றிவிட்டு மறந்தால் காலை எடுத்தும் லொறி முன்னுக்குத் தள்ளிக்கொண்டே போகும். கூட்டத்துக்குள் அது நல்லதில்லை.

முந்திய சொந்தக்காரர் போட்ட சுவிச்சு என்று எப்படித் தெரியும்? எதோடு இணைத்திருக்கிறது என்று எப்படிப் பிடிப்பது?

பக்கத்துச் சுவிச்சுகளின் அளவுக்கும் உருவத்துக்கும் பொருந்தாது, ஓட்டை கத்தியால் வெட்டினது போல இருக்கும், பின்னால் வரும் வயர் ஒரே நிறத்தில் கறுப்பு டேப் சுற்றி இருக்கும். எயார் ஹோர்ன், அலங்கார விளக்கு, காற்றாடி, பாட்டுக்கான அம்ப், களவு போகாமல் டீசலை நிறுத்தும் ஒளிவுச் சுவிச்சு, இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கிண்ணியாவில் இருந்து முஸ்லிம் அண்ணன் ஒருவர், தன் லொறி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இழுத்துக்கொண்டு வந்தார். சீற்றுக்கு அடியில் ஒரு சின்னச் சுவிச்சு, துடைப்பத்தின் கைபிடி பட்டு ஓஃப் ஆகியிருந்தது. அவருக்கு விற்றவர் அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

அலங்கார விளக்கு, கூடுதல் ஹோர்ன் என்று கண்டால் கழற்றிவிடுவது நல்லது. 2025 தொடக்கத்தில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் இவற்றைக் கழற்ற வைத்தது நினைவிருக்கும்.

பிடிக்கும் வழி: பற்றரி வயரில் அம்பியர் கிளாம்ப் மீற்றரை மாட்டி, திறப்பை ஓனில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சுவிச்சைப் போட்டு எடுங்கள். பெரும்பாலான லொறிகள் 24 வோல்ட், இரண்டு பற்றரி தொடர்ச்சியாக. டிமோ பட்டா போன்ற சின்னது 12 வோல்ட். 24 வோல்ட்டில் ஒரு 70 வாட் பல்ப் சுமார் 3 அம்பியர் எடுக்கும். மீற்றர் அப்படிக் குதித்தால் எங்கோ ஒரு விளக்கோ சூடாக்கியோ வேலை செய்கிறது, தேடிப் பாருங்கள். ஒரு அம்பியருக்கும் குறைவாக அசைந்தால் ரிலேயோ வால்வோ. ஒன்றுமே அசையாவிட்டால் இரண்டில் ஒன்று: எஞ்சின் கணினிக்குச் செய்தி மட்டும் சொல்லும் சுவிச்சு, அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. கடற்காற்று உள்ள ஊரில் இரண்டாவதைத்தான் நான் முதலில் தேடுவேன். கனெக்டரைக் கழற்றினால் பச்சைப் பாசி மாதிரிப் பூத்திருக்கும்.

12 வோல்ட் பல்ப் போட்ட டெஸ்ட் லாம்பைக் கொண்டு 24 வோல்ட்டில் தொடாதீர்கள், பல்ப் போய்விடும். கணினிக்குப் போகும் மெல்லிய வயர்களில் எந்த பல்ப் டெஸ்ட் லாம்பும் வேண்டாம், மீற்றர் மட்டும்.

திறப்பு மாதிரித் திருப்பும் சிவப்புச் சுவிச்சு?

பற்றரியைத் துண்டிப்பது. எஞ்சின் ஓடும்போது திருப்பாதீர்கள். பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஓல்டர்நேட்டரின் டயோட் போகும்.

எல்லாம் பார்த்தும் ஒன்றுக்கும் உதவாத சுவிச்சு என்று உண்டா?

உண்டு. ஜப்பானின் நெடுஞ்சாலைக் கட்டணக் கருவி, அட்டை செருகும் ஓட்டையோடு இருக்கும். இங்கே அதற்கு ஒரு வேலையும் இல்லை. ரேடியோவும் பழைய ஜப்பான் ரேடியோ என்றால் எஃப்.எம். 90 மெகாஹேர்ட்ஸோடு நின்றுவிடும், எங்கள் நிலையங்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே. சுவிச்சைக் குறை சொல்லிப் பயனில்லை. சில சுவிச்சு வெறும் மூடி, அழுத்தினால் கூட அசையாது. அந்த மொடலில் வேறு யாருக்கோ கொடுத்த வசதியின் இடம் அது.

போனில் படம் அனுப்பினால் சொல்வீர்களா?

சுவிச்சை மட்டும் எடுத்து அனுப்பினால் சொல்ல முடியாது. மூன்று படம் வேண்டும். சுவிச்சுக்குக் கிட்ட ஒன்று, டாஷ்போட் முழுவதும் தெரிய ஒன்று, சுவிச்சை ஓனில் வைத்து மீற்றர் போர்ட் ஒன்று. கூடவே கெபினில் உள்ள மொடல் தகட்டின் எழுத்தும் இலக்கமும். லொறியின் பின்பகுதி என்ன பொடி என்றும் எழுதுங்கள். போன கிழமை ஒருவர் அரை மணித்தியாலம் என்னோடு மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் "ஓ, பின்னால கூலர் பெட்டி இருந்தது, நான் வாங்கினதும் கழற்றி வித்துட்டன்" என்றார்.